கடை மூடியிருக்கற வரைக்கும்

எங்க லைன்ல ஞாயித்துக்கெழமையானா உலக்கைக்கும் லீவுங்க.

லைனுங்கறது காப்பி எஸ்டேட்டுல கூலியாளுங்க குடியிருக்கற ஊட்டு வரிசை. எஸ்டேட்டுல வாரம் ஒரு நாள்தான் லீவு. அன்னிக்கு ஏற்காட்டுல சந்தை கூடும். வெடியால எந்திரிச்சு ஆம்பளைங்க நாங்கெல்லாம் குளிச்சு, இருக்கற வேட்டில அழுக்குக் கம்மியா இருக்கறதாப் பாத்துக் கட்டிக்கிட்டு, உப்பு புளி வாங்கியாறோம்னு கெளம்பிருவோம். சந்தைக்குப் போற வழில சாராயக்கடை இருந்துச்சு. சாராயக்கடைக்குப் போற வழில சந்தை இருந்துச்சுன்னும் சொல்லலாம். எது வழி, எது போய்ச் சேர்ற எடம்னு எனக்கு ஒரு நாளும் தெரிஞ்சதில்லீங்க.

நாங்க போனதுக்கப்புறம், மத்தியானச் சோத்த ஆக்கி எறக்கி வெச்சுப்போட்டு, பொம்பளைங்க ஒரு வேலை செய்வாங்க. உலக்கையத் தோள்ல வெச்சுக்குவாங்க. அருவாமனை ஒரு கைல, கவாத்துக் கத்தி ஒரு கைல. லைனோட கடைசில கூரை சரிஞ்சு, ஆளே இல்லாம ஒரு ஊடு கெடந்துச்சு. எல்லாத்தையும் கொண்டு போய் அதுக்குள்ள வெச்சுட்டு, கதவுன்னு பேருக்கு இருந்த தகரத்தச் சாத்திட்டு வந்துருவாங்க. திங்கக்கெழம வெடியால போய் அவங்கவங்களுத எடுத்துக்குவாங்க. ஏன் கொண்டு போறாங்கன்னு ஒருத்தியும் சொல்ல மாட்டா. ஒருத்தனும் கேக்க மாட்டான். கேட்டா பதில் நாமதானுங்களே.

நான் மட்டும் அத வெச்சு சிரிப்புக் காட்டுவேன். "நம்ம தொரைகூட உலக்கைக்கு வாரா வாரம் லீவு குடுக்கறாரு, எனக்குத்தான் சீக்குன்னாலும் குடுக்க மாட்டேங்கறாரு"ன்னு சொல்லுவேன். லைனே சிரிக்கும். பொம்பளைங்ககூட முந்தானையால வாயப் பொத்திக்கிட்டுச் சிரிப்பாங்க. என்ற பொண்டாட்டி மட்டும் சிரிக்க மாட்டா. பாவம், இவளுக்கு வெளையாட்டே புரியாது போலன்னு நெனச்சுக்குவேன். அவ்ளோ பெரிய அறிவாளிங்க நான்.

என்னப் பத்திச் சொல்லிப்போடறேன். பள்ளிக்கொடத்துப் பக்கம் மழைக்குக்கூட ஒதுங்குனதில்ல. நான் சொல்லச் சொல்ல இத வேற ஒருத்தர் எழுதறாரு. நடுவுல நடுவுல நிறுத்திப்போட்டு என்ற மூஞ்சியப் பாக்கறாரு. எழுதுங்க சாமி, பொய் ஒண்ணுமில்ல. ஆளு கட்டை. காது ரெண்டும் எலிக்காதாட்டம் நிக்கும். பழம் பறிக்கற பருவத்துல பல்ப்பர்ல வேலை, மத்த நாள்ல கவாத்து, களைவெட்டு. பல்ப்பர்ங்கறது காப்பிப் பழத்தோட தோலப் பிதுக்கிக் கொட்டைய எடுக்கற மிசினு. அதுக்கப்புறம் எஸ்டேட்டுல அதிகமா இரைச்சல் போடறது நான்தான்.

எங்களுக்குக் கொழந்தை இல்லீங்க. இருந்திருந்தா அதையும் ஞாயித்துக்கெழம மத்தியானம் கடைசி ஊட்டுக்குத் தூக்கிட்டுப் போயிருப்பா.

உலக்கைய எடுத்துட்டுப் போலாம். அருவாமனைய எடுத்துட்டுப் போலாம். கைய எங்க கொண்டு போய் வெப்பாங்க? அது என்ற தோள்லயே தொங்கிக்கிட்டு என் கூடவே வந்துரும்.

ஒரு ஞாயித்துக்கெழம சந்தைக்குப் போய் உப்பு வாங்குனேன். வாங்குன உப்ப சாராயக்கடைல மறந்துட்டேன். ஊட்டுக்கு வந்து சேந்தப்ப வெயிலு இன்னும் இருந்துச்சு.

"உப்பு எங்கீங்க?"ன்னு கேட்டா. அதுல ஒரு குத்தமும் இல்ல. உப்பு வாங்கப் போனவங்கிட்ட உப்பத்தானே கேப்பாங்க.

அடிச்சேன். அதுக்கு முந்தியும் நொம்ப தடவ அடிச்சிருக்கேன், எத்தனைன்னு எனக்குத் தெரியாது, அவளுக்குத் தெரியும். இந்தத் தடவ எடது காதோட சேத்து விழுந்துச்சு. பெருசாச் சத்தமே இல்ல. அவ காதப் பொத்திக்கிட்டு அப்படியே சொவத்தோட உக்காந்துட்டா. நான் பாய விரிச்சுப் படுத்துட்டேன். அவ ஆக்கி வெச்ச சோத்தத் தின்னுட்டுத்தான் படுத்தேன். உப்பில்லாமத்தான் தின்னேன், அதுல ஒரு பெரிய தியாகி நெனப்பு வேற.

மூணு நாள் கழிச்சு, பழம் பறிக்கற எடத்துல மூட்டை தூக்க என்னையும் அனுப்பியிருந்தாங்க. மேஸ்திரி எடது பக்கமா நின்னு அவளக் கூப்பிட்டாரு. திரும்பல. மறுக்கா கூப்பிட்டாரு. திரும்பல. அவ பாட்டுக்குப் பழத்தப் பறிச்சுக் கூடைல போட்டுக்கிட்டு இருந்தா. நாஞ் சும்மா இருப்பேனுங்களா? "மகாராணிக்கு மேஸ்திரி கூப்பிட்டாக் கேக்காதுங்க, தொரைசானி வந்து கூப்பிடோணும்"ன்னு சத்தம் போட்டேன். எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிக்க ஆரம்பிச்சேன். பாதியில எனக்குப் புரிஞ்சுபோச்சு. மத்தவங்க சிரிச்சு முடிச்சுட்டாங்க. என்ற வாய் மட்டும் தெறந்தது தெறந்தபடியே நின்னுச்சு.

அன்னிக்குப் பொழுதோட அவ ஒரு துணி மூட்டையக் கட்டிக்கிட்டு வாழவந்தில இருக்கற அம்மா ஊட்டுக்குப் போயிட்டா. சண்டை இல்ல, அழுகை இல்ல. வேலைக்குக் கெளம்பறவளாட்டம் கெளம்பிப் போனா. ரெண்டு நாள்ல வந்துருவான்னு நெனச்சேன். முன்னெல்லாம் அப்படித்தான் வருவா. இந்தத் தடவ வரல.

ஒரு மாசம் இருக்கும். தமுக்கு அடிக்கறவன் வந்தான். சேலம் ஜில்லா முச்சூடும் சாராயக்கடை, கள்ளுக்கடை எல்லாத்தையும் மூடப் போறாங்க, இனிமே குடிச்சாலும் காச்சுனாலும் புடிச்சு உள்ள போட்டுருவாங்கன்னு சொல்லிப்போட்டு, தமுக்கக் கக்கத்துல சொருகிக்கிட்டு, செம்மநத்தம் பக்கம் எறங்கிப் போயிட்டான். எங்க லைன்ல எழவு விழுந்தாட்டம் ஆயிப்போச்சு.

"இதெல்லாம் ரெண்டு வாரத்துக்குத்தான்"னான் ஒருத்தன்.

"மலைக் குளுருக்குக் குடிக்காம இருந்தா செத்துருவோம்னு சர்க்காருக்கு எழுதிப் போடலாமா?"ன்னான் இன்னொருத்தன்.

"யாருக்கு எழுதத் தெரியும்?"

"எஸ்டேட்டுக் கணக்கெழுதற ரைட்டருக்குத் தெரியும்."

"ரைட்டர் குளுருக்குக் கம்பளி போத்திக்கறவருடா. நமக்கு எழுதித் தர மாட்டாரு."

கடைய மூடுனாங்க. பூட்டுமேல அரக்கு வெச்சு, முத்திரை குத்திட்டுப் போயிட்டாங்க. அந்தப் பூட்டப் பாக்கறதுக்குன்னே ஞாயித்துக்கெழம நாங்க நாலஞ்சு பேரு போயி நின்னோம். சாமி கும்பிடப் போனவங்களாட்டம். தொரைங்களுக்கு மட்டும் தனியா ஒரு சீட்டு உண்டாம், அதக் காட்டுனா பாட்டல் கெடைக்குமாம். வெள்ளைத்தோலுக்குத்தான் அந்தச் சீட்டு. நான் பல்ப்பர் தொட்டில ஒரு வருசம் ஊறுனாலும் வெளுக்க மாட்டேன்.

ஆனா அந்தத் தொட்டிதான் எனக்கு ஒரு யோசனை குடுத்துச்சு. காப்பிப் பழத்தோலு குமிச்சுக் கெடந்தா ரெண்டு நாள்ல புளிச்சு, நொரை கட்டி, ஒரு வாசம் வரும். பல்ப்பர்ல வேலை செய்யற எவனுக்கும் அந்த வாசம் வேற ஒரு வாசத்த ஞாபகப்படுத்தும். ஒரு பானை நெறையத் தோலு, அச்சுவெல்லம் ரெண்டு, தண்ணி. அடுப்புக்குப் பின்னாடி பொதைச்சு வெச்சேன். ஏழு நாள் பொறுத்தேன். வடிகட்டிக் குடிச்சேன். கசப்புங்க, புளிப்புங்க, வாயில மண்ணு. ஆனாலும் ஒரு சொம்பு உள்ள தள்ளிட்டேன். நம்ம கண்டுபுடிப்பாச்சே.

போதை வரல. வேற எல்லாம் வந்துச்சு. மூணு நாள் நான் ஊட்டுக்குள்ள இருந்த நேரத்தவிட சவுக்கு மரத்துக்குப் பின்னாடி இருந்த நேரம் அதிகம். மூணாம் நாள் எந்திரிக்க முடியாம வாசப்படில தலைய வெச்சுப் படுத்துக் கெடந்தேன். பக்கத்து ஊட்டு அக்கா கேப்பக் கூழக் கொண்டாந்து பக்கத்துல வெச்சா.

"என்ன சாமி, புது மாப்ளையாட்டம் வெளுத்துப் போயிட்ட?"

"காப்பி ஒத்துக்கலீங்க அக்கா."

"தொரை காப்பியோட கொட்டையக் குடிக்கறாரு. நீ குப்பையக் குடிச்சிருக்கறே. அது எப்படி ஒத்துக்கும்?" கூழ என் பக்கமாத் தள்ளுனா. "உன்ற பொண்டாட்டி இருந்திருந்தா இந்நேரம் மூணு தடவ கூழு ஊத்தியிருப்பா. அவ காத அறைஞ்சு அனுப்பிப்போட்டு இங்க படுத்துக் கெடக்கற. இந்தா, குடி. உனக்காக ஊத்தல. வாசல்ல பொணம் கெடந்தா நாங்க எப்படி நடக்கறது?"

அவ போனதுக்கப்புறம் ஊட்டுக்குள்ள திரும்பிப் பாத்தேன். மூலைல உலக்கை நின்னுக்கிட்டு இருந்துச்சு. ஞாயித்துக்கெழம. கொண்டு போய் வெக்க ஆளில்ல, வெக்க வேண்டிய அவசியமும் இல்ல. அப்பத்தாங்க எனக்குத் தனியா இருக்கறதுன்னா என்னன்னு தெரிஞ்சுது. ஊட்ல யாருமே நம்மளப் பாத்துப் பயப்படலைன்னா, ஊட்ல யாருமே இல்லைன்னு அர்த்தம். நான் அப்படி ஒரு குடித்தனம் நடத்தியிருக்கேன்.

கால்ல நிக்கத் தெம்பு வந்ததும் வாழவந்திக்கு நடந்தேன். என்ற மச்சான், அவளோட அண்ணன், வாசல்ல வெறகு பொளந்துக்கிட்டு இருந்தாரு. கோடாலிய கீழ வெக்காமயே, "வாங்க மாப்ள"ன்னாரு. அப்படி ஒரு வரவேற்ப நான் மறக்கல.

"தங்கச்சிய அனுப்புங்க மச்சான். நான் இப்பக் குடிக்கறதில்ல."

"நீங்க குடிக்கறதில்லையா, குடிக்கக் கெடைக்கறதில்லையா?"

"ரெண்டும் ஒண்ணுதானுங்களே."

"ஒண்ணா மாப்ள?"ன்னு கேட்டுட்டு ஒரு கட்டையப் பொளந்தாரு. நான் ரெண்டடி தள்ளி நின்னுக்கிட்டேன்.

அவ உள்ள இருந்து வந்தா. என்ற வலது பக்கமா நிக்காம, சுத்தி வந்து, அவளோட வலது காது எம்பக்கம் இருக்கறாப்ல நின்னா. அதப் பாத்ததும் நான் மனப்பாடம் பண்ணிட்டுப் போன பேச்செல்லாம் மறந்துபோச்சு.

"கடைய நெசமாலுமே மூடிப்போட்டாங்களா?"ன்னா.

"மூடியாச்சு புள்ள. அரக்கு வெச்சிருக்கறாங்க. நானே பாத்தேன்."

முந்தானைய இழுத்து இடுப்புல சொருகிக்கிட்டா. "வரேனுங்க. கடை மூடியிருக்கற வரைக்கும் இருக்கறேன். தொறக்கற அன்னிக்குக் கெளம்பிருவேன். நீங்க குடிச்சாலும் சரி, குடிக்காட்டியும் சரி. அப்ப வந்து என்னத் தடுக்கக் கூடாது."

"சர்க்கார் மூடுனத யாரு தொறக்கப் போறா?"ன்னு சிரிச்சுக்கிட்டே தலைய ஆட்டிட்டேன். கல்யாணத்துல அய்யர் சொன்னதுக்குத் தலையாட்டுனது எதுக்குன்னே எனக்குத் தெரியாது. இதுக்கு மட்டும் தெரிஞ்சே ஆட்டுனேன்.

அதுக்கப்புறம் அஞ்சாறு வருசம் இருந்தா.

அந்த வருசங்களப் பத்திச் சொல்றதுக்கு ஒண்ணுமில்லீங்க. அதுதான் அதுல விசேசம். ஞாயித்துக்கெழம நான் சந்தைக்குப் போனேன், உப்போட வந்தேன். உலக்கை மூலைலயே நின்னுச்சு. ஒவ்வொரு ஊடா உலக்கை கொண்டு போறது நின்னுபோச்சு. கடைசி ஊட்டுக்கு முன்னாடி புல்லு மொளைச்சிருச்சு. மேஸ்திரி ஊட்டு உலக்கை மட்டும் வாரா வாரம் போயிட்டு வந்துக்கிட்டு இருந்துச்சு. அந்த மனுசன் சாராயத்தத் தொட்டதே இல்ல, நெத்தில விபூதி, வாயில சாமி பேரு. அவரு அடிக்கறதுக்குக் கடை தேவைப்படல. அந்தம்மா மட்டும் தனியா உலக்கையத் தோள்ல வெச்சுக்கிட்டு எங்க வாசல் வழியாப் போகும். நாங்கெல்லாம் பாக்காதவங்களாட்டம் வேற பக்கம் பாத்துக்குவோம். அதனால கடைய மூடுனா எல்லாம் சரியாப் போயிரும்னு நாஞ் சொல்ல மாட்டேன். எங்க லைன்ல ஒண்ணத் தவிர மத்த உலக்கையெல்லாம் நின்னுச்சு. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்.

நான் திருந்திட்டேன்னும் நெனச்சுக்காதீங்க. கரடியூருக்கு அக்கட்ட, காட்டுக்குள்ள ஒரு ஆளு கள்ளத்தனமாக் காச்சறான்னு கேள்விப்பட்டு ஒரு நாள் போனேன். போனேன், போனேன், போயிக்கிட்டே இருந்தேன். எறக்கம், முள்ளு, ஓடை. குடிச்சேன். திரும்பி மேட்டுல ஏறி வரதுக்குள்ள குடிச்சதெல்லாம் வேர்வையா எறங்கிப்போச்சு. ஊட்டுக்கு வந்து சேந்தப்ப அடிக்கறதுக்கு இல்ல, செருப்பக் கழட்டறதுக்கே தெம்பில்ல. அவ என்ற மொகத்தப் பாத்துட்டு கால் கழுவத் தண்ணி வெச்சா. அடுத்த ஞாயித்துக்கெழம உலக்கை மூலைல இல்ல. அந்த ஒரு வாரம். அதுக்கப்புறம் நான் கரடியூர்ப் பக்கம் போகல. புத்தி வந்து நின்னேன்னு சொன்னா அது பொய்யி. தூரம். முன்னெல்லாம் கெட்டுப்போறதுக்கு ரோட்டோரமா ஒதுங்குனாப் போதும். இப்பக் கெட்டுப்போகோணும்னா மலை எறங்கி ஏறோணும். நான் பொறப்புலயே சோம்பேறி.

அந்த வருசங்கள்ல அவளுக்கு வலது பக்கமா நடக்கப் பழகிக்கிட்டேன். காட்டுக்குப் போறப்ப, வர்றப்ப, சந்தைல, எல்லா எடத்துலயும். பேசிக்கிட்டே போவேன். ஒரு தடவ, தொரையோட நாய் என்னத் தொரத்துனதச் சொல்லிக்கிட்டு வந்தேன். நாய் ஓடறதையும் நான் ஓடறதையும் நானே ஓடிக் காட்டுனேன். அவ சிரிச்சாளுங்க. நெசமாலுமே சிரிச்சா. தலைல இருந்த வெறகுக் கட்டு ஆட ஆட, ஒரு கையால அதப் புடிச்சுக்கிட்டுச் சிரிச்சா. லைனே சிரிச்சப்பெல்லாம் எனக்குக் கெடைக்காத ஒண்ணு அன்னிக்குக் கெடைச்சுது. அடுத்த நாளும் அதையே ஓடிக் காட்டுனேன். "நேத்தே பாத்துட்டனுங்க"ன்னா.

அப்புறம் சண்டை வந்துச்சு. எங்க சண்டை இல்லீங்க, வெள்ளைக்காரங்களோட சண்டை, எங்கியோ கடல் தாண்டி. அதுக்கும் எங்க சாராயக்கடைக்கும் என்ன சம்பந்தம்னு எனக்கு இன்னிக்கும் புரியல. ஒரு வெள்ளிக்கெழம ரைட்டர் பல்ப்பர் பக்கம் வந்து, "உங்க நோம்பு முடிஞ்சுதுடா, ஞாயித்துக்கெழம கடை தொறக்கறாங்க"ன்னாரு. சுத்தி நின்ன ஆளுக துண்ட ஆட்டிக் கத்துனாங்க. என்ற துண்டு மட்டும் தோள்லயே கெடந்துச்சு.

அவளுக்குத் தெரியக் கூடாது. அது ஒண்ணுதான் என்ற மண்டைல இருந்துச்சு. லைன்ல ஊடு ஊடாப் போயிக் கெஞ்சுனேன். ஆம்பளைங்க சிரிச்சாங்க. பக்கத்து ஊட்டு அக்கா சிரிக்கல.

"நாஞ் சொல்ல மாட்டேன் சாமி. ஆனா எத்தன நாளைக்கு மறைப்ப?"

"மறுபடி மூடற வரைக்கும் அக்கா."

சனிக்கெழம பொழுதோட காட்டுல இருந்து ரெண்டு பேரும் வெறகுக் கட்டோட வந்துக்கிட்டு இருந்தோம். ரோட்டுக்கு எடது பக்கமா, கீழ இருந்து தமுக்குச் சத்தம் வர ஆரம்பிச்சுது. நான் வலது பக்கம் ஒட்டிக்கிட்டு, அவளோட கேக்கற காதுக்குள்ள சத்தமாப் பேச ஆரம்பிச்சேன். தொரை நாய், ரைட்டர் குடை, பல்ப்பர்ல எலி விழுந்தது, வாயில வந்ததெல்லாம். பாட்டுக்கூடப் பாடுனேன். தமுக்கு பக்கத்துல வந்துச்சு, எங்களத் தாண்டுச்சு, மேட்டுல ஏறிப் போச்சு.

"ஏனுங்க, இன்னிக்கு என்னமோ இப்படிக் கத்தறீங்க?"ன்னா.

"சந்தோசம் புள்ள"ன்னேன்.

நான் கெடுத்த காது. அதுக்குப் பின்னாடியே போயி நான் ஒளிஞ்சுக்கிட்டேன் பாருங்க. ஜெயிச்சுட்டேன்னு வேற நெனச்சேன்.

ஞாயித்துக்கெழம நான் சந்தைக்குப் போகல. இடுப்பு புடிச்சுக்கிச்சுன்னு சொல்லிட்டு வாசப்படில உக்காந்துக்கிட்டேன். மத்த ஆம்பளைங்க துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டுப் போனாங்க. அவ வாசல்ல சாமை குத்திக்கிட்டு இருந்தா. சொல்லி வெச்சாட்டம் உலக்கை ஏறி எறங்கிக்கிட்டு இருந்துச்சு. மத்தியானம் சோத்து வாசம் லைன் முச்சூடும் வந்துச்சு.

அப்ப மேஸ்திரி ஊட்டம்மா தோள்ல உலக்கையோட எங்க வாசலத் தாண்டிப் போச்சு. அது வாரா வாரம் போறதுதான். என்ற பொண்டாட்டி நிமுந்துகூடப் பாக்கல. அதுக்குப் பின்னாடி பக்கத்து ஊட்டு அக்கா வந்தா. தோள்ல உலக்கை, கைல அருவாமனை. எங்க வாசலுக்கு நேரா வந்ததும் என்னைய ஒரு பார்வை பாத்துட்டு, தலையக் கவுந்துக்கிட்டுப் போனா. வாயத் தொறந்து ஒண்ணும் சொல்லல, குடுத்த வாக்கக் காப்பாத்திட்டா. அதுக்குப் பின்னாடி இன்னொருத்தி. அதுக்குப் பின்னாடி ரெண்டு பேரு.

அவளோட உலக்கை மேல போனது அப்படியே நின்னுச்சு.

இதுக்கு நான் என்ன பாட்டுப் பாடறது? இதக் காதால கேக்க வேண்டியதே இல்லீங்களே.

நின்ன உலக்கைய எறக்கி, மிச்சம் இருந்த சாமையக் குத்தி முடிச்சா. பொடைச்சா. அடுக்குப் பானைல கொட்டி மூடுனா. சோத்த எறக்கி, எனக்கு ஒரு வட்டல்ல போட்டு வெச்சா. எல்லாம் முடிச்சுட்டுத்தான் துணி மூட்டையக் கட்டுனா.

"புள்ள, நான் குடிக்கல. சந்தைக்கே போகல. வேணும்னா என்ற வாய மோந்து பாரு."

"நீங்க குடிக்கலீங்க. எனக்குத் தெரியுது."

"அப்புறம் என்ன?"

"கடை தொறந்திருக்குதுங்களே."

"தொறந்திருந்தா இருக்கட்டும். நான் போனாத்தானே?"

"போக மாட்டீங்கன்னுதான் நானும் நெனப்பேன். ஞாயித்துக்கெழம மத்தியானம் வாசலப் பாத்துக்கிட்டே நெனப்பேன். அடுத்த வாரமும் பாப்பேன். இத்தன வருசமா நான் வாசலப் பாக்கலீங்க. பாக்காம இருந்து பழகிப்போச்சு. இனி என்னால முடியாது."

"நேத்து தமுக்கு அடிச்சது உனக்குக் கேட்டுச்சா?"

"இல்லீங்க. நீங்க கத்துனதுதான் கேட்டுச்சு. அப்பவே ஏதோ இருக்குதுன்னு நெனச்சேன்."

தடுக்கக் கூடாதுன்னு வாக்கு வாங்கியிருந்தா. தடுக்கல. வாசலத் தாண்டுனவ திரும்பி, "உலக்கைய நீங்களே கொண்டு போய் வெச்சிருங்க. சும்மா நிக்கட்டும்னு விட்டுராதீங்க"ன்னா. ஏன் அப்படிச் சொன்னான்னு கேக்கல. ஆளே இல்லாத ஊட்ல அது யார அடிக்கப் போகுது? ஆனாலும் தூக்கித் தோள்ல வெச்சுக்கிட்டு நடந்தேன்.

கடைசி ஊட்டுக்குள்ள நான் நொழைஞ்சதே இல்லீங்க. அத்தன வருசம் அத வெச்சுச் சிரிப்புக் காட்டியிருக்கேன், உள்ள எப்படி இருக்கும்னு தெரியாது. சொவரு நெடுக உலக்கைங்க சாஞ்சு நின்னுச்சு. எதுன்னு அடையாளம் தெரியறதுக்காக ஒவ்வொண்ணுலயும் ஒரு துணி கட்டியிருந்தாங்க. செவப்பு, பச்சை, பூப்போட்டது. எங்க உலக்கைலயும் நைஞ்சு போன மஞ்சத் துணி ஒண்ணு இருந்துச்சு. ஊட்டு மூலைல தெனம் பாத்ததுதான், அது எதுக்குன்னு ஒரு நாளும் நெனச்சதில்ல. அங்க நின்ன பொம்பளைங்க பேச்ச நிறுத்திட்டாங்க. ஏதாச்சும் சொல்லுவேன், சிரிக்கலாம்னு எதிர்பாத்தாங்களோ, இல்ல பயந்தாங்களோ தெரியல. நான் உலக்கையத் தோள்ல இருந்து எறக்குனேன். பக்கத்து ஊட்டு அக்கா கைய நீட்டி உலக்கைய வாங்கி, அதுங்களோட வரிசைல சாத்தி வெச்சா.

அன்னிக்கு நான் கடைக்குப் போகல. அந்த வாரம் பூரா, பாத்துக்கிட்டயா, நான் போகல பாத்துக்கிட்டயான்னு காலி ஊட்டப் பாத்துச் சொல்லிக்கிட்டு இருந்தேன். ஞாயித்துக்கெழம வாழவந்திக்குப் போயி அத அவகிட்ட சொல்லோணும்னுதான் கெளம்புனேன். வாழவந்திக்குப் போற வழியும் அந்தக் கடையத் தாண்டித்தான்.

தாண்டலீங்க.

அவ நெனச்சதுல ஒரு வாரம்தான் தப்பு. நான் வாழவந்தி போய்ச் சேரவே இல்ல.

ரெண்டு வருசம் கழிச்சு சந்தைல அவளப் பாத்தேன். உப்பு வாங்கிக்கிட்டு இருந்தா. கொஞ்சம் சதை போட்டிருந்தா, நல்லா இருந்தா. கூட்டத்துல ஆளுங்க தள்ளித் தள்ளி நான் அவளோட எடது பக்கமா வந்து நின்னுட்டேன். கை நீட்டுனாத் தொடலாம். "தொரை நாய் செத்துப்போச்சு புள்ள"ன்னேன். சிரிப்பாச் சொல்லோணும்னுதான் சொன்னேன். அவ உப்பக் கைல அள்ளிப் பாத்துக்கிட்டே இருந்தா. திரும்பல.

எந்தப் பக்கம் போயி நின்னாக் கேக்கும்னு எனக்குத் தெரியும். உப்பு வாங்கி முடிக்கற வரைக்கும் அங்கியே நின்னுட்டு, அந்தப் பக்கம் போகாம, வந்த வழியே திரும்பிட்டேன்.